கதிரைக்கு வந்த படம்

உ
சிவமயம்

கட்டுக்கலை,
கண்டி.
19.1.1937

அன்புள்ள மகன் சுந்தரலிங்கத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நானும் உன் அம்மாவும் தங்கை ஞானேஸ்வரியும் பிள்ளையார் கிருபையால் இங்கே நல்ல சுகம். உன் சுகத்தையும் அவரே பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் இருக்கிறோம். இந்த இரண்டு வரியை எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறேன், கை தானாக எழுதிவிடும். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக நினைத்து எழுதுகிறேன், ஏனென்றால் போன கிழமை பொங்கலன்று நம் தெருவில் பாதிப் பேர் நீ இறந்துவிட்டாய் என்று நம் வீட்டு வாசலில் வந்து அழுதுவிட்டுப் போனார்கள். பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். வேறு யாராவது முந்திக்கொண்டு கோணல்மாணலாக எழுதிவிடுவார்களோ என்றுதான் இவ்வளவு அவசரம். உன் மாமா வீரையா உனக்குத் தந்தி அடித்து நீ உயிரோடிருக்கிறாயா என்று உன்னிடமே கேட்கப் புறப்பட்டுவிட்டார், அவரைப் பிடித்து நிறுத்தியது பெரிய பாடு.

நீ சீமையிலிருந்து அனுப்பிய தகரக் குழாயும், அங்கே நீ எழுதி அச்சில் வந்த புத்தகமும் மார்கழி நடுவில் ஈரம் படாமல் வந்து சேர்ந்தன. புத்தகத்தின் அட்டையில் உன் பெயரைக் கண்டதும் நான் அதை முனிசிப்பல் கந்தோருக்கே கொண்டுபோய், என்னோடு முன்பு வேலை பார்த்தவர்களிடம் காட்டிவிட்டு வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் படியை மிதிப்பதில்லை என்று சொல்லியிருந்தேன், சொன்ன சொல் போகட்டும். ஞானம் தினமும் விளக்கு வைத்த பிறகு ஒரு அத்தியாயம் வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்கிறாள். உன் இங்கிலீஷ் தெளிவாயிருக்கிறது, வசனங்கள்தான் கொஞ்சம் நீளம், அது என்னிடமிருந்து வந்த வியாதி. உன் அம்மா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். பாய்மரச் சீலை தைத்த பழைய மாடியில் குடியிருக்கிறாய் என்று வாசித்ததும், மீன் நாத்தம் போக அங்க சாம்பிராணி கிடைக்குமா என்றாள். அங்கே சித்திரக்காரர்கள் நீங்கள் எல்லாரும் மழையிலும் காற்றிலும் கடற்கரையில் நின்றுதான் வரைவீர்கள், பலகை பறக்காமல் அதன் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவீர்கள் என்று வந்த இடத்தில், கல்லை இவன் கால்ல கட்டினாத் தேவல என்றாள். எனக்குப் பிடித்தது அந்தக் கடற்பறவைக் கதைதான். நீ போன புதிதில், அங்கே இல்லாத ஒரு பறவையை அழகுக்காக வானத்தில் போட்டாய் என்றும், உன் கூட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து கட்டைவிரலால் அதை அழித்துவிட்டுப் போனார் என்றும் எழுதியிருக்கிறாய். கண்ணுக்கு முன்னால் நிற்பதைத்தான் வரைய வேண்டும், நினைவிலிருந்து ஒரு கயிறுகூடப் போடக்கூடாது என்பது அந்த ஊர்ச் சித்திரக்காரர்கள் ஐம்பது அறுபது வருடமாகக் காத்துவரும் கட்டுப்பாடு என்று வாசித்தபோது, இவ்வளவு கண்டிப்பான கூட்டத்திலா என் பிள்ளை இருக்கிறான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நீ அடுத்த வீட்டுக் கோழியைப் பச்சை நிறத்தில் வரைந்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குழாய்க்குள் இருந்தது உன் முகம். புயல் மாதத்தில் வெளியே நிற்க முடியாதபோது நீங்கள் ஒவ்வொருவரும் கண்ணாடியை முன்னால் வைத்துத் தன்னைத்தானே வரைந்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கம் என்று எழுதியிருந்தாய். அதோடு வந்த கடிதத்தைத்தான் நானும் அம்மாவும் பத்துத் தடவையாவது வாசித்திருப்போம். இங்கே நம் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியார் வேலையை மனேஜர் உனக்காகப் பங்குனி முடியும்வரை வைத்திருக்கிறார், அதற்கு வருவதா, அல்லது இரண்டாவது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவதா, அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அப்படியே செய்கிறேன் என்று எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன். என்னிடம் பதில் தயாராக இருந்தது. வா என்பதுதான் பதில். மனேஜரிடம் பையன் வந்துவிடுவான் என்று பாதி வாக்குக் கொடுத்திருந்தேன். உன் அறைச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆள்கூடச் சொல்லிவிட்டேன். பொங்கல் கழித்து நல்ல நாளில் எழுதலாம் என்றுதான் தள்ளிப் போட்டேன்.

இனிப் பொங்கல் கதை. படத்தைச் சட்டம் போடத் தச்சனிடம் கொடுத்தேன், அவனிடம் அந்த அளவுக்குக் கறுப்புச் சட்டம்தான் இருந்தது, விளிம்பில் பொன்கோடு போட்டது. வீட்டில் உன் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆணி சும்மா இருந்தது, அதில் மாட்டினேன். வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். பொங்கலன்று விடியற்காலையில் அம்மா வழக்கம்போல் சாமி படங்களுக்கெல்லாம் மாலை போட்டாள், தாத்தாவுக்கும் போட்டாள், நல்ல நாளும் அதுவுமாய்ப் பிள்ளை மட்டும் வெறுங்கழுத்தோடு இருப்பானேன் என்று உனக்கும் ஒரு மல்லிகை மாலை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, கீழே ஒரு சின்ன விளக்கையும் ஏற்றிவிட்டுப் பின்வளவுக்குப் பானை வைக்கப் போய்விட்டாள். நான் அதைப் பார்க்கவில்லை. வெல்லம் போதும் போதாது என்று அவளோடு ஒரு சின்னச் சண்டை போட்டுவிட்டுப் பின்பக்கத்தாலேயே கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். பார்த்திருந்தால் எனக்காவது உறைத்திருக்கும்.

ஏழு மணிக்கு மர்சூக் நானா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்திருக்கிறார். பக்கத்தில் புடைவைக் கடை வைத்திருப்பவர், நீ போன பிறகு கடையைப் பெருப்பித்திருக்கிறார். அவர் வீட்டில் படம் மாட்டுகிற வழக்கமே இல்லை, ஆனால் இருபது வருடமாக நம்மவர்கள் மத்தியில் வியாபாரம் செய்கிறவருக்குக் கறுப்புச் சட்டமும் மாலையும் விளக்கும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதா. அதுவும் தாத்தாவுக்குப் பக்கத்தில். மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். கடலோரத்தில் இருக்கிற பிள்ளை, கடல்தான் கொண்டுபோயிருக்கும், பெரிய நாள் கழியட்டும் என்று வீட்டுக்காரர் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று அவராகவே நினைத்து, பேரீச்சம்பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டு, போய்த் தெருவில் எல்லாருக்கும் சொல்லிக் கடையைப் பூட்டியிருக்கிறார். மடுல்கெல்லைக்குத் துணி ஏற்றிப் புறப்பட்ட தன் லொறிக்காரனிடம், அங்கே தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாயிருக்கும் வீரையாவுக்குச் சேதி சொல்லி ஏற்றிக்கொண்டு வா என்று சொல்லியும் அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. சொந்த அண்ணன் தம்பிகூட இவ்வளவு ஓடமாட்டான்.

பூசை முடிந்து பத்தரை மணிக்கு நான் திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தால், நம் தெரு நிறையச் சனம். நானா தன் கடைப் பெஞ்சுகளை எடுத்துவந்து போட்டிருக்கிறார், ஆண்கள் எல்லாரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்கள் கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வேலியோரம் நிற்கிறார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வராததால் யாருக்கும் படியேறத் துணிச்சல் வரவில்லையாம். எனக்கு உன் நினைவே வரவில்லை, தம்பி. உன் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். வெல்லத்துக்காகச் சண்டை போட்டதுதான் அவளோடு பேசின கடைசிப் பேச்சா என்று நினைத்ததும் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டேன். நானா ஓடிவந்து என்னைத் தாங்கிப் பிடித்து, ஐயா சபூர் செய்ங்க, பொறுத்துக்கோங்க, அல்லா குடுத்தான், அல்லா எடுத்தான் என்றார். நானும் சரிதான் என்று அழத் தொடங்கிவிட்டேன். நான் அழுததும் அதுவரை அடக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓவென்று எடுத்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்குத்தான், அதுவரை ஒன்றும் அறியாமல் ஞானத்தோடு பின்வளவு அடுப்பில் இருந்த உன் அம்மா இடுப்பில் துணி சுற்றிய பொங்கல் பானையும் கையில் அகப்பையுமாக வெளியே வந்தாள்.

அவளுக்கு முதலில் சந்தோஷம். இவ்வளவு பேர் பொங்கலுக்கு வந்திருக்கிறார்களே என்று, பால் நல்லாப் பொங்கிச்சு, எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றாள். அழுகை அப்படியே நின்றது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் சித்தம் கலங்கிவிட்டாள் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நானோ, செத்தவள் பானையோடு வந்து நிற்கிறாளே என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். பிறகு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. யார் செத்தது என்று அம்மா கேட்க, உங்க மகன்தானே என்று நானா சொல்ல, யாரு சொன்னா என்று அவள் கேட்க, நானா கையை நீட்டிச் சுவரைக் காட்டினார். அம்மா திரும்பிப் படத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், பானையைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் மாலையைப் பிய்த்து எறிந்தாள். நான் போட்டேன், நானே போட்டேன் என்று சொல்லிச் சொல்லி அவள் அழுத அழுகை, அன்று வந்தவர்கள் அழுத அத்தனை அழுகையிலும் பெரிது. நானா சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்கு வெளங்கல்ல ஐயா, மாலையக் கண்டதும் கைகால் ஓடல்ல, மன்னிச்சிக்கோங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கிழவர்தான் எல்லாரையும் தேற்றினார். உயிரோட இருக்கிறவன செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி, இனி நூறு வருஷத்துக்கு இந்தப் பையன அசைக்க முடியாது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னொரு பானைக்கு அரிசி போடச் சொன்னாள்.

எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கும்போது லொறி வந்து நின்றது. உன் மாமா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஐயோ மருமகனே என்று கதறிக்கொண்டு இறங்கியவர், இலையில் பொங்கலைப் பார்த்ததும் கண்ணீரோடேயே சண்டைக்கு வந்துவிட்டார். என் மருமகன் போன வீட்ல பொங்கித் திங்கிறீங்களா, மனுசங்களா நீங்க என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லப் பத்து நிமிடம் எடுத்தது. விளங்கிய பிறகு மூன்று தடவை பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு நடந்ததுதான் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. சாப்பிட்டுக் கை கழுவினவர்கள் யாரும் கிளம்பவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குள் வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றார்கள். அதுவரை மாலையைத்தான் பார்த்தார்களே தவிர முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. உங்கள் ஊரில் வருடத்துக்கு ஒரு நாள் சித்திரக்காரர் வீட்டுக் கதவையெல்லாம் திறந்து வைப்பீர்கள், மீன்காரர்கள் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்து, கயிறு முறுக்கு சரியா, படகு இந்தக் காற்றில் இப்படிச் சாயுமா என்று அவரவருக்குத் தெரிந்ததை வைத்துப் படத்தைச் சோதிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அது நம் வீட்டில் நடந்துவிட்டது. மர்சூக் நானா சட்டைத் துணியைத்தான் பார்த்தார். நல்ல கம்பளி, தண்ணி உள்ள எறங்காது, ஆனா முழங்கையில கிழிஞ்சி செவப்பு நூல்ல தச்சிருக்கு, தச்ச கை பழகின கை என்றார். மாமா உன் விரல்களைப் பார்த்தார். கொழுந்து பறிக்கிற கைகளைப் பார்த்தே ஆளைச் சொல்லுகிறவர் அல்லவா. இது வேலை செய்யிற கைதான், சும்மா இருந்து திங்கிற கை இல்ல என்றார். அந்தச் சிவப்பு நூலை யார் தைத்தது என்று அம்மா கேட்டாள். ஞானம் புத்தகத்தை எடுத்துத் தேடி, உனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் விதவைக் கிழவி கிழிந்த வலை பொத்துகிறவள், மாடியில் இருப்பவர்களின் உடுப்பையும் கையில் கிடைத்த நூலால் தைத்துவிட்டு ஏசுவாள் என்று நீ எழுதியிருந்ததை வாசித்தாள். ஏசுறாளா என்று அம்மா கேட்டாள். ஏசுகிறாள் என்று ஞானம் சொன்னதும் உன் அம்மாவின் முகத்தில் வந்த ஆறுதலை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் பார்த்தது உன் வாயைத்தான். இடது ஓரத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாத ஒரு சின்ன மடிப்பு. முதலில், எங்களைத் தேற்றுவதற்காகப் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன். பிறகுதான் அந்தப் பறவை ஞாபகம் வந்தது. இல்லாத பறவையை அழித்துவிடுகிற கூட்டத்தில் இருந்துகொண்டு இல்லாத சிரிப்பை நீ எப்படிப் போட்டிருப்பாய். கண்ணாடியில் அது இருந்திருக்கிறது, அதனால் வரைந்திருக்கிறாய். எல்லாரும் போன பிறகு ஞானம் அலுமாரியிலிருந்து நீ முனிசிப்பல் கந்தோரில் இரண்டு வருடம் என்னோடு வேலை பார்த்தபோது எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போட்டோவைத் தொட்டு, உசிரில்லாதது இதுதாங்க என்றாள். என்னைக் குறை சொல்ல அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையை உனக்கு வாங்கிக் கொடுத்தவன் நான், பையன் நல்லபடியாக இருக்கிறான் என்று இரண்டு வருடம் எதிர்மேசையில் இருந்து தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் நான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, மகனே. அதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

ஆகவே நீ கேட்ட ஒரு வார்த்தைக்குப் பதில், அங்கேயே இரு. நேற்றுக் காலையில் மனேஜரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார், பேராதனைப் பக்கத்தில் ஒரு பையன் காத்திருக்கிறான், அவனைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். நீ இரண்டாவது புத்தகத்தை முடி. அதில் எங்களைப் பற்றி எழுதினால் பொங்கல் கதையை எழுதாதே, எழுதினால் நான் அழுததை விட்டுவிடு. உன் அறைக்கு வெள்ளை அடிக்க வந்தவனைத் திருப்பி அனுப்பவில்லை, அறை வெள்ளையாகத்தான் இருக்கிறது, அது உன் அறைதான்.

படம் இப்போது சுவரில் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் அம்மா அதற்கு உப்பும் மிளகாயும் சுற்றித் திருஷ்டி கழித்துவிட்டு, ஆணியைக் குறட்டால் பிடுங்கி எறியச் சொன்னாள். உயிரோட இருக்கிறவங்க சுவத்துல தொங்கமாட்டாங்க, கதிரையில உக்காருவாங்க என்று சாப்பாட்டு மேசையில் உன் பழைய இடத்துக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டாள். வீட்டில் இருப்பது நான்கு கதிரை. நானா வந்தால் நான் எழுந்து நிற்கிறேன், உன்னை எழுப்ப அவள் சம்மதிப்பதில்லை. உனக்குப் பிடிக்காத பாகற்காய் வைத்த அன்று படத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்காதே என்றுகூடச் சொன்னாள். நீ சிரிக்காதே, இரண்டு நாளில் நானும் பழகிவிட்டேன்.

மழையில் நின்றாலும் தலையை மூடிக்கொண்டு நில். அந்தக் குளிரில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள். மிளகும் கறுவாப்பட்டையும் ஒரு பொதி தனியாக அனுப்புகிறோம், அது உனக்கு அல்ல, சிவப்பு நூல்காரிக்கு. அவளுடைய பெயரைத் தெளிவாக எழுதி அனுப்பு, கோயிலில் அர்ச்சனை செய்ய வேண்டுமாம், நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லை. மாமாவுக்கு ஒரு கடிதம் உன் கையாலேயே எழுதிப் போடு, அவருக்கு இன்னும் பாதிச் சந்தேகம் இருக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் அம்மா போட்டிருக்கிறாள், அதை மறக்காதே. வருடத்துக்கு ஒரு தடவை, அந்தப் புயல் மாதத்தில், கண்ணாடியை முன்னால் வைத்து ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டை மீறாமல் வரை. மெலிந்திருந்தால் மெலிந்தபடியே போடு, நரை வந்தால் நரையையும் போடு, என்றைக்காவது அந்த வாயோரத்து மடிப்பு கண்ணாடியில் இல்லாமல் போனால் அதையும் மறைக்காமல் அப்படியே வரை. அந்தப் படம் வந்த அன்றைக்கு உன்னை வா என்று எழுதுவேன். அதுவரை எழுதமாட்டேன்.

பிள்ளையாரும் முருகனும் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். நீ நூறு வயது இருப்பாய், அதைத்தான் ஊரே கூடி அழுது உறுதிப்படுத்திவிட்டதே. வருகிற அன்றைக்கு மட்டும் முன்கூட்டி எழுதிவிட்டு வா, உனக்கு உட்கார இடம் வேண்டுமானால் உன் அம்மா முதலில் உன்னை எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
இராமநாதன்